என் சைக்கிள்கள், ஒரு புல்லட், அக்காவிடம் சொல்லாமல் விட்ட ஒன்று



போன வாரம் என் புல்லட்டை விற்றுவிட்டேன். படத்தைப் போட்டதும் "ஏன் சார் வித்தீங்க?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முழங்கால்தான் காரணம். கிக்கரை உதைக்க முடியவில்லை. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, நான் ஓட்டிய வண்டிகளின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் வாடகை சைக்கிள். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே ஒரு சைக்கிள் கடை. மணிக்கு இத்தனை பைசா என்று வாடகை. நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் வண்டியைத் தருவார்கள். கால் எட்டாது, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். முட்டியில் அந்தக் காலத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சொந்த சைக்கிள் வந்தது 1969-ல். நான் எட்டாவது முடித்த வருஷம். உயர்நிலைப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஐந்து மைல். அப்பா 110 ரூபாய்க்குப் பழைய ஹெர்குலஸ் ஒன்று வாங்கி வந்தார். இந்தியாவில் நல்ல சைக்கிள் என்றால் ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்துதான் கப்பலில் வரும். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே தொழிற்சாலைகள் வந்தன. முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலஸ் செய்தது. சோனிப்பட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று அடுத்தடுத்து வந்தன. எங்கள் வண்டியும் அம்பத்தூர் வண்டிதான்.

அப்போது சைக்கிளுக்கும் வரி உண்டு. வருஷா வருஷம் பணம் கட்டித் தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். ராத்திரி விளக்கில்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ் நிறுத்தி, டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

என் அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். கணக்கில் நான் அவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். எனக்கு ஒரு வருஷம் முந்தி எட்டாவது முடித்தாள். ஐந்து மைல் எப்படிப் போவாள் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சைக்கிள் வாங்கிய அன்று ராத்திரி அப்பா என்னைக் கேட்டார்: "ஏன்டா, அக்காவையும் பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போறியா? அவளும் ஒன்பதாவது சேரட்டும்."

நான் மாட்டேன் என்றேன். அக்காவும் நானும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கேலி செய்வார்கள். அவளைக் கேரியரில் வைத்து மிதித்தால் அதைவிடக் கேலி. "டபுள்ஸ் போனா போலீஸ் புடிப்பாங்கப்பா" என்று ஒரு சாக்கும் சொன்னேன். அப்பா மறுபடி கேட்கவில்லை. அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று அன்றும் தெரியாது. பிறகு கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவைக் கீரமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1979-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 1984-ல் சங்கத்தில் கடன் போட்டு டி.வி.எஸ். 50 வாங்கினேன். ஓசூரிலிருந்து 1980-ல் வந்த வண்டி அது. இரண்டு பேர் போகும் மொபெட் என்று நம் நாட்டில் முதலில் வந்தது அதுதான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வழியில் பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்தே வீடு வந்து சேரலாம், மூச்சுத்தான் வாங்கும். வாத்தியார், பால்காரர், துணி வியாபாரி எல்லோருக்கும் அதுதான் தேர்.

புல்லட் 1990-ல் வந்தது. 1979 மாடல், இரண்டாம் கை, 14,000 ரூபாய். வீட்டில் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. என்ஃபீல்டு இங்கிலாந்துக் கம்பெனி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே கம்பெனி தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். போகப்போகத் திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் செய்தார்கள். ராணுவமும் போலீசும் அதைத்தான் வாங்கின. பிறந்த ஊரில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். நம்மூரில் இன்றும் ஓடுகிறது.

பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் பிரேக் என்று கியரை மிதிப்பார்கள். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக இறக்கி, முள் நடுவுக்கு வந்ததும் ஒரே உதை. அவசரப்பட்டால் திருப்பி அடிக்கும். முதல் மாதமே எனக்குக் கணுக்கால் வீங்கியது. அவசரம் என்னுடையது, வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். என் புல்லட் சத்தம் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த வருஷம் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அடுத்த ஊர் வகுப்புக்குப் போக, தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, எதற்கும் ஓர் ஆண்பிள்ளையை எதிர்பார்த்து நிற்கக்கூடாது என்பதுதான் விஷயம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள். பிள்ளையைப் பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. கேலி பேசிய ஆண்களும் நிறைய. அதில் வாத்தியார்களும் இருந்தார்கள்.

நான் தொண்டனாகப் பேர் கொடுத்தேன். கீரமங்கலம் பக்கம் சாயங்காலம் பழக்கிவிடும் வேலை. வண்டி பற்றவில்லை என்று, அப்பா வீட்டில் சும்மா நின்ற அந்தப் பழைய ஹெர்குலஸைப் பால்ஸ் மாற்றி, கோட்டம் எடுத்துக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் வரிசையில் அக்கா நின்றாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து வண்டியைப் பார்த்தாள்.

"இது நம்ம வண்டிதானடா?"

ஆமாம் என்றேன். கேரியரைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இப்ப நான் பின்னாடி உக்கார வேண்டியதில்லை தம்பி."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குத்தான் கை நடுங்கியது. கேரியரை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இருபது அடி போய் விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள்.

அந்த ஹெர்குலஸை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். விடியுமுன் மல்லிகை பறித்து, மச்சானை எழுப்பாமல், தானே கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வருவாள். பூக்காசு அவள் கையில் தங்க ஆரம்பித்தது. அந்தக் காசில்தான் மகளைப் படிக்க வைத்தாள். மகள் இன்று நர்ஸ். இதையும் அவள் படிப்பாள்.

1997-ல் நானும் ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். ஆயில் கலக்க வேண்டாம், உதைத்துக் கால் வீங்க வேண்டாம், மைலேஜும் உண்டு. பள்ளிக்கு அது, ஞாயிற்றுக்கிழமைக்குப் புல்லட். 2014-ல் ஓய்வு பெற்றேன். பிறகு அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளில் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது என் சாயங்கால வேலை.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் ரோட்டில் மரத்துக்கு மேல் மரம். கரண்டு இல்லை, போன் இல்லை. அக்கா வீடு என்ன ஆனதோ தெரியவில்லை. புல்லட்டை எடுத்தேன், ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியவில்லை. திருப்பி நிறுத்திவிட்டுப் பேரன் சைக்கிளை எடுத்தேன். மரம் வரும் இடத்தில் தோளில் தூக்கித் தாண்டினேன். அரை மணி நேர வழி, நாலு மணி நேரம் ஆனது. பலாவும் தென்னையும் வேரோடு கிடந்தன. அக்கா வாசலில் ஓட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சைக்கிள்லயா வந்தே?" என்றாள். பழைய ஹெர்குலஸ் சுவர் இடிந்து விழுந்ததில் மடங்கிக் கிடந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன வாரம் புல்லட் போன பிறகு அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். 1969-ல் அப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுப்படியிலதானடா இருந்தேன். காதுல விழாமயா?" என்றாள். பிறகு, "பதிமூணு வயசுப் பய, நீ என்ன பண்ணுவே? அப்பா எனக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கலாம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் மாணவர்களே, உங்கள் வீட்டில் ஒரு வண்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், யாருக்குச் சாவி போகிறது என்று ஒருமுறை பாருங்கள். வேறு அறிவுரை இல்லை.

புல்லட் விற்ற பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஒன்று அக்கா பேத்திக்கு. இன்னொன்று எனக்கு; டாக்டர் மெதுவாக மிதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் முதல் சைக்கிள் கதையைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்