மானிப்பாயின் தமிழ் வைத்திய வகுப்பு: சில குறிப்புகள்

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது நம் புலமை உலகில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கும் அவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். கலைச்சொல்லாக்க வரலாற்றில் ஒரு பத்தி, நாலைந்து நூற்பெயர்கள், அதோடு சரி. அந்த நூல்களை யார் படித்தார்கள், படித்துவிட்டு எங்கே போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை. சொல்லைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வகுப்பறை கண்ணில் படுவதேயில்லை.

1847இல் இலங்கைக்கு வந்த கிறீன், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கியபோது பயிற்றுமொழி ஆங்கிலம்தான். வட்டுக்கோட்டை செமினரி 1823 முதல் ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களை உருவாக்கி வைத்திருந்தது. 1857இல் ஊர் திரும்பி 1862இல் மறுபடி வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிப்பது என்ற முடிவுக்கு வந்தார். 1873இல் அமெரிக்கா போனவர் பிறகு திரும்பவில்லை. அவரிடம் படித்து வெளிவந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழ்வழியில் கற்றவர்கள்.

ஏன் தமிழ்? 'தமிழ்ப்பற்று' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம்மவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சமாச்சாரம் அவ்வளவு சுலபமில்லை. ஆங்கிலத்தில் படித்த மாணவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டான். கிராமத்துக்கு வைத்தியன் கிடைக்கவில்லை. தமிழில் படித்தவன் ஊரோடு இருப்பான் என்பது கிறீனின் கணக்கு. இந்தக் கணக்கு அவர் ஒருவருடையது மட்டுமல்ல. அமெரிக்க மிஷனின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன அதே ஆண்டில் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சபைக்கு ஊழியர்களைத் தராமல் உத்தியோகஸ்தர்களைத் தருகிறது என்பதே மிஷனின் மனக்குறை. ஆக, மருத்துவ வகுப்புக்குள் தமிழ் நுழைந்ததில், மாணவனை இருந்த இடத்திலேயே இருத்திவைக்கும் விருப்பமும் கலந்திருக்கிறது. ஆங்கிலம் வேண்டும் என்று நினைத்த மாணவனை 'அடிமை மனோபாவம்' என்று இன்று திட்டுவது எளிது. சம்பளம் எந்த மொழியில் இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை சொன்ன பிறகும், மானிப்பாயில் நடந்ததை அந்த நோக்கத்துக்குள் மட்டும் அடைத்துவிட முடியவில்லை. கல்கத்தாவோடு ஒப்பிட்டால் இது தெரியும். அங்கே 1822இல் தொடங்கிய சுதேச மருத்துவப் பள்ளி இந்திய மொழிகளில் ஐரோப்பிய மருத்துவத்தைக் கற்பித்தது. அதோடு சமஸ்கிருத, யுனானி மரபுகளுக்கும் இடமிருந்தது. 1835இல் பெண்டிங்க் அதைக் கலைத்துவிட்டு ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டுதான். இந்தியத் துணைக்கண்டத்தின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கு வழிவிட்டு முப்பது வருஷம் ஆனபின், ஒரு யாழ்ப்பாணக் கிராமத்தில் எதிர்த்திசையில் ஒரு வகுப்பு நடந்தது.

அந்த வகுப்புக்கு வந்த பையனின் ஊரில் வைத்தியக் கல்வி என்று ஏற்கனவே ஒன்று இருந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர் பெயராலேயே வழங்கிய வாகடங்கள் இருந்தன. எல்லாம் செய்யுள். பாட்டாக இருப்பது மனப்பாடத்துக்கு வசதி. சீடன் மருந்தைக் கையால் இடிப்பதற்கு முன்னால் வாயால் ஒப்பித்தான். சித்தர் பாடல்களில் பரிபாஷை வேறு. சொன்ன சொல்லுக்குள் சொல்லாத பொருள் இருக்கும். குரு அவிழ்த்தால்தான் உண்டு. இது மூடத்தனமல்ல, ஒரு கற்பித்தல் முறை. அறிவை யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற அதிகாரம் பிரதிக்கு வெளியே, குருவின் கையில் இருந்தது. கிறீனின் நூல்கள் உரைநடை. எலும்பைப் பெயர் சொல்லி, படம் போட்டு, அடுத்தடுத்து விவரித்துக்கொண்டு போகிறவை. மறைக்காத பிரதியை இவ்வளவு பெரிய அளவில் தமிழ் வைத்திய மாணவன் சந்தித்தது அநேகமாக அப்போதுதான். ஆனால் அதிகாரம் காணாமல் போய்விடவில்லை. பாட்டிலிருந்து புறப்பட்டு நோயாளியின் படுக்கையருகே போய் நின்றுகொண்டது. மருத்துவமனையில் உருவாகும் 'பார்வை' பற்றி பூக்கோ 1963இல் எழுதியது பாரிஸை வைத்து. அந்தப் பார்வை தமிழில் பேசக் கற்றுக்கொண்ட இடம் மானிப்பாய்.

இன்னொன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த நூல்களை மொழிபெயர்த்ததில் கிறீனின் மாணவர்களுக்கே பெரும்பங்கு உண்டு. இரண வைத்தியம் (1867), கிரேயின் உடற்கூற்றியலான மனுஷவங்காதிபாதம் (1872) போன்றவை மாணவர்களும் ஆசிரியரும் உட்கார்ந்து, திருத்தி, மறுபடி திருத்திச் செய்தவை. முதலில் தமிழ்ச்சொல் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைப்பது என்பது வழிமுறை. 'கெமிஸ்தம்' அப்படி வந்தது. நம் தனித்தமிழ் அன்பர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். ஒரு தசைக்குப் பெயர் வைக்கவேண்டுமானால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை அசைக்கிறது என்று தெரிந்தாகவேண்டும். மாணவன் பாடப்புத்தகத்தைப் படித்ததோடு அதை எழுதவும் செய்தான். மாணவன் செய்துதான் கற்கவேண்டும், கேட்டுக் கற்பது போதாது என்று மருத்துவக் கல்விக்காரர்கள் இன்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். அதற்கு உதாரணமாக மானிப்பாயை யாரும் சொல்வதில்லை.

இந்த வகுப்பில் இல்லாதவர்களையும் சொல்லவேண்டும். பிரசவ வைத்தியம் என்ற நூல் 1857இல் வந்தது. படித்தவர்கள் ஆண்கள். ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவச்சி. அவள் கைக்குத் தெரிந்தது எந்தக் கலைச்சொல் பட்டியலிலும் ஏறவில்லை.

2022 அக்டோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது, ஆங்கிலச் சொற்களை நாகரி எழுத்தில் அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று கேலி எழுந்தது. எழுத்துப்பெயர்ப்பு குற்றமென்றால் கெமிஸ்தமும் குற்றம்தான். கேட்கவேண்டியது வேறு: அந்தப் புத்தகத்தைச் செய்த மேசையில் மாணவன் உட்கார்ந்திருந்தானா? அதைப் படித்தவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வேலை?

மானிப்பாயிலும் விஷயம் இங்கேதான் சிக்கியது. 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது, ஆங்கிலத்தில். கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் அச்சாயின. கிறீன் அப்போது மாசசூசெட்ஸில் வூஸ்டரில் இருந்தார். இங்கே ஒவ்வொன்றாகப் புத்தகம் வர வர, அதைப் படித்தவன் வைத்தியனாகப் பிழைக்கக்கூடிய உத்தியோகம் கொழும்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.