செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி வரை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மா நகரிலிருந்து தலைநகர் மாண்ட்கோமரி 54 மைல் தொலைவு. வாக்காளராகப் பதிய வந்த கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு முதலிய தடைகளைக் காட்டித் திருப்பி அனுப்பினர் அதிகாரிகள். நீதி கேட்டு 1965 மார்ச் 7இல் தலைநகர் நோக்கி நடந்தோரை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் காவலர் தடியால் தாக்கினர். அவர்கள் அஞ்சி ஒடுங்கவில்லை. மார்ச் 21இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மீண்டும் புறப்பட்டனர். இரவில் கூடாரங்களில் தங்கி, மழையிலும் நடந்தனர். சாலை குறுகிய பகுதியில் 300 பேருக்கே அனுமதி. 25ஆம் நாள் தலைநகரை அடைந்தவர்களோ ஏறத்தாழ 25,000 பேர்! ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. 1996இல் அவ்வழி தேசிய வரலாற்றுப் பாதையாயிற்று.

இளைஞர்களே! 18 வயது நிறைந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியாதிருப்பின், அந்த 54 மைலைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.