தார் பூசிய தகடும் கணினிச் சில்லும்

வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், துணி நைந்து போகும். ஆனால் வெயில் பட்டால் இறுகும் பொருட்களும் உண்டு. இந்தச் சின்ன உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் பிரான்சு நாட்டின் நிசெஃபோர் நியெப்ஸ் (1765-1833).

கல்லச்சில் ஆர்வம் கொண்ட அவருக்குப் படம் வரையும் கைத்திறன் இல்லை. ஒளியையே வரைய வைத்தால் என்ன? 'யூதேயா நிலக்கீல்' என்ற ஒருவகைத் தாரை லாவண்டர் எண்ணெயில் கரைத்து, உலோகத் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசினார். ஒளி பட்ட இடங்களில் தாரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகின. படாத இடங்களை எண்ணெய் கழுவிக்கொண்டு போனது. மிஞ்சியது படம்! 1826 அல்லது 1827இல் தன் வீட்டு மாடி சன்னலிலிருந்து இப்படி அவர் எடுத்ததுதான், கேமராவால் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம். அதற்கு எட்டு மணி நேர வெயில் பிடித்தது என்பார்கள். பல நாட்கள் ஆகியிருக்கும் என்போரும் உண்டு.

1827இல் இங்கிலாந்து போனார். செய்முறை ரகசியத்தை வெளியிட மறுத்ததால் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1829இல் லூயி டாகேருடன் கூட்டுச் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் இறந்துபோனார். 1839இல் டாகேரின் வெள்ளித் தகட்டு முறை வெளியாகி உலகப் புகழ் பெற்றது. பிரெஞ்சு அரசு டாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும், நியெப்ஸின் மகனுக்கு 4000 பிராங்கும் வழங்கியது. முறைக்கு டாகேரின் பெயர். நியெப்ஸை உலகம் மறந்தே போனது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கோடாக் நிறுவனத்தின் லூயி மின்ஸ்க், பாலிவினைல் சின்னமேட் என்ற பாலிமரை உருவாக்கினார். புற ஊதா ஒளி பட்டால் அதன் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு கைகோர்த்து, கரையாத வலையாகிவிடும். மற்றதைக் கழுவி விடலாம். நியெப்ஸின் அதே தத்துவம்! 1950களில் கோடாக் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சுத் தகடுகளுக்கும் மின்சுற்றுப் பலகைகளுக்கும் பயன்பட்ட இத்தகைய படலங்கள், அதே பத்தாண்டில் டிரான்சிஸ்டர் செய்யவும் உதவின. ஒளியால் கரையும் தன்மையை மாற்றி உருவம் வரையும் அந்த வழியில்தான் இன்றும் சில்லுகள் தயாராகின்றன.

டாகேரின் தகடுகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. தோற்றுப்போனவரின் வழியோ நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது, செல்பேசிக்குள்!