ஆள் இல்லையா, பதவி இல்லையா? பெருந்தொற்றுக் காலத்தில் நம் மருத்துவமனைகளும் பள்ளிகளும்



கோவிட்-19 காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பல தாள்களில் ஒரே வாக்கியம் வந்து நிற்கும்: "கொரோனா பரவியதால் நாட்டில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் போதவில்லை." வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் இதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போனால் காரணத்தைப் பாதியில் விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். அந்த ஆண்டுகளில் மலேசியாவில் மருத்துவம் படித்து முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த பட்டதாரிகளும் இருந்தார்கள். அப்படியானால் எது போதவில்லை? இதைத்தான் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் காலவரிசை, சுருக்கமாக. 2020 ஜனவரி 25-ஆம் தேதி நாட்டில் முதல் தொற்றுகள் உறுதியாயின. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. செப்டம்பர் 26-இல் சபா மாநிலத் தேர்தல், அதன்பின் தொற்றின் அடுத்த அலை. 2021 ஜனவரி 12-இல் அவசரகாலப் பிரகடனம். 2021 ஆகஸ்டு 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 தொற்றுகள். அந்த ஆண்டின் உச்சம் அதுதான். 2022 ஏப்ரல் 1-இல் நாடு எண்டமிக் கட்டத்திற்கு மாறத் தொடங்கியது. இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்வது சுலபம். இவற்றுக்கு நடுவே வேலை செய்தவர்களின் நிலைமைதான் பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத பகுதி.

அரசாங்கம் ஆரம்பத்தில் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச்சு மாதத்திலேயே சுகாதார அமைச்சுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கி, சுவாசக் கருவிகள் வாங்கவும், தாதியர் உட்பட 2,000 பேரை ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கவும் முடிவெடுத்தது. முன்களப் பணியாளர்களுக்கான மாதாந்திர சிறப்புப் படி 400 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்க. சுவாசக் கருவியைப் பணம் கொடுத்தால் சில வாரங்களில் வாங்கிவிடலாம். அந்தக் கருவியின் பக்கத்தில் நின்று நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த தீவிர சிகிச்சைத் தாதியைச் சில வாரங்களில் உருவாக்க முடியாது. சுவாசக் கருவி பொருத்திய ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் வழக்கமான கணக்கு. கட்டிலையும் கருவியையும் இரட்டிப்பாக்கினால் தாதியரையும் இரட்டிப்பாக்க வேண்டும். அது நடக்காதபோது ஒரே தாதி இரண்டு, மூன்று பேரைப் பார்க்கிறார். கட்டில் எண்ணிக்கையைப் பார்த்தால் மருத்துவமனை விரிவடைந்தது போலத் தெரியும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 2020-ஐத் தாதியர் ஆண்டாக உலகச் சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி. அந்த ஆண்டு ஏப்ரலில் அது வெளியிட்ட அறிக்கை, உலகில் 59 லட்சம் தாதியர் குறைவாக இருப்பதாகச் சொன்னது. அந்தக் கணக்கு பெருந்தொற்றுக்கு முந்தைய தரவுகளைக் கொண்டு போடப்பட்டது. பற்றாக்குறை வாசலில் காத்திருந்தது. நோய் வந்து கதவைத் திறந்துவிட்டது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

இனி மருத்துவர்களின் கதைக்கு வருவோம். இங்கேதான் நம் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கிறது.

மலேசியாவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர் உடனே சிகிச்சை அறை திறந்து உட்கார முடியாது. இரண்டு ஆண்டுகள் பயிற்சி மருத்துவராக (நம் வீடுகளில் 'ஹவுஸ்மேன்' என்றுதான் சொல்வோம்) இருக்க வேண்டும். அதன் பிறகு கட்டாயச் சேவை. முன்பெல்லாம் பயிற்சியில் சேரும்போதே நிரந்தரப் பதவி கிடைத்துவிடும். பிறகு மருத்துவக் கல்லூரிகள் பெருகின. உள்நாட்டில் படித்தவர்களோடு வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களும் சேர்ந்தார்கள். புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அனுமதி தருவதை அரசாங்கம் 2011-இல் நிறுத்திவைத்தது. ஆனாலும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்துகொண்டேதான் இருந்தார்கள். நிரந்தரப் பதவிகளோ அந்த வேகத்தில் கூடவில்லை. பயிற்சிக்கு இடம் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தது.

இதற்குத் தீர்வாக 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்தது. நியாயமாகப் பார்த்தால், பட்டதாரிகள் சீக்கிரம் பயிற்சிக்குள் நுழைய இது வழிசெய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியையும் கட்டாயச் சேவையையும் முடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒப்பந்த மருத்துவருக்கு ஓய்வூதியம் கிடையாது. நிபுணத்துவப் படிப்புக்கான அரசாங்க உபகாரச் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய படிப்பு விடுப்பும் அப்போது நிரந்தரமானவர்களுக்குத்தான் கிடைத்தன. அதே வார்டு, அதே இரவுப் பணி, ஆனால் ஒருவருக்கு முன்னால் பாதை உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

எண்களைப் பாருங்க. 2016 டிசம்பருக்கும் 2021 மே மாதத்திற்கும் இடையில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவர்கள் 23,000-க்கும் மேல். அவர்களில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள் 789 பேர். நூற்றுக்கு மூவர், அவ்வளவுதான். முதல் அணியின் ஒப்பந்தம் 2021 டிசம்பரில் முடிய வேண்டும். அந்தத் தேதியை நோக்கி அவர்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் டெல்டா வகை கிருமி கிள்ளான் பள்ளத்தாக்கைப் பிடித்தது.

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இடம் போதாமல், கட்டில்கள் வெளியே கூடாரத்திற்கு வந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மற்ற மாநிலங்களிலிருந்து மருத்துவர்களையும் தாதியரையும் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு இதே மாதிரி தீபகற்பத்திலிருந்து சபாவுக்கு அனுப்பியிருந்தார்கள். குட்டைப் போர்வை கதைதான்: தலைக்கு இழுத்தால் காலுக்கு எட்டாது. அனுப்பிய மாநிலத்தில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போகும், வெளிநோயாளிப் பிரிவில் வரிசை நீளும். அந்த வரிசை தொற்று எண்ணிக்கையில் சேராது.

அந்தச் சூழலில்தான் 2021 ஜூலை 26, திங்கட்கிழமை, ஒப்பந்த மருத்துவர்களின் 'ஹர்த்தால்' நடந்தது. காலை 11 மணிக்குக் கறுப்பு உடையில் வெளியே வந்தார்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, சுங்கை பூலோ என்று நாட்டின் பல இடங்களில். கொஞ்ச நேரம்தான், நோயாளிகளைச் சக மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, திரும்ப உள்ளே போய்விட்டார்கள். அன்றைய புதிய தொற்றுகள் 14,516. முந்தைய நாள் 17,045. இப்படிப்பட்ட நேரத்தில் வெளியே வரலாமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில்கூடக் கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்றவர்களும் உண்டு. வாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. என் கருத்து இரண்டாவது பக்கம்தான். மாணவர்கள் எந்தப் பக்கம் எழுதினாலும் சான்றோடு எழுதட்டும்.

அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 23-ஆம் தேதி, பிரதமர் முஹிடின் யாசின் ஒப்பந்த நீட்டிப்பை அறிவித்திருந்தார்: கட்டாயச் சேவை முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை, நிபுணத்துவப் படிப்பில் இருப்பவர்களுக்கு நான்கு ஆண்டுகள் வரை, சம்பளத்துடன் படிப்பு விடுப்பும் உண்டு. நீட்டிப்பு நிரந்தரம் ஆகாது என்பதால் மருத்துவர்கள் நிற்கவில்லை. தேதியைக் கவனித்தால், வெளிநடப்புக்கு முன்பே அரசாங்கம் அசைந்துவிட்டது தெரியும். சில குறிப்பேடுகளில் வெளிநடப்பின் விளைவாக நீட்டிப்பு வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அறிவிப்பு வந்த பிறகும் வெளிநடப்பு நடந்தது என்பதே சரியான வரிசை. வெளிநடப்பு நடக்கப்போகிறது என்ற நெருக்கடி அந்த அறிவிப்பைத் தூண்டியிருக்கலாம் என்று வாதிடலாம்; அதை விளைவு என்று எழுதக் கூடாது.

இப்போது நம்ம கூடாரத்துக்கு வருவோம், அதாவது பள்ளிக்கு.

பள்ளியில் பற்றாக்குறை வேறு முகத்தில் வந்தது. ஆசிரியர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஓர் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை மூன்றானது. 2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. அதனால் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், கூகுள் மீட்டில் வருகிறவர்களுக்கு ஒரு பாடம், அப்பாவின் கைப்பேசி இரவில் வீட்டுக்கு வந்த பிறகு வாட்ஸ்அப் பார்க்கிற பிள்ளைக்கு இன்னொரு பாடம், எதுவுமே இல்லாத பிள்ளைக்கு அச்சடித்த பயிற்சித்தாள் என்று மூன்று முறை தயாரிக்க வேண்டியிருந்தது. 2020-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரி 22-இல்தான் தொடங்கியது. ஆகவே ஆசிரியர்கள் பழைய படிவம் 5-ஐயும் புதிய படிவம் 5-ஐயும் ஒரே நேரத்தில் சுமந்தார்கள். 2021 அக்டோபரில் பள்ளிகள் கட்டங்கட்டமாகத் திறந்தபோது சுழற்சி முறை: பாதி வகுப்பு பள்ளியில், பாதி வீட்டில். ஆசிரியர் மட்டும் பாதியாகவில்லை.

இதோடு தனிமைப்படுத்தல். ஓர் ஆசிரியருக்குத் தொற்று என்றால் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களும் வீட்டில். மிச்சமிருப்பவர்களுக்கு 'ரிலீஃப்'. இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு இது நன்றாகவே புரியும். பல பள்ளிகளில் தமிழுக்கு இருப்பது ஒரே ஆசிரியர். அவர் வரவில்லையென்றால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வந்து உட்காருவார், பாடம் நடக்காது. ஆனால் பதிவேட்டில் அந்த வகுப்புக்கு ஆசிரியர் இருந்தார் என்றே இருக்கும். தீவிர சிகிச்சைத் தாதிக்குப் பதில் வேறு பிரிவுத் தாதியை நிறுத்துவது போலத்தான் இதுவும். மொத்தத் தலைகளை எண்ணினால் இந்தக் குறை கண்ணில் படாது. பாடவாரியாக, திறன்வாரியாக எண்ணினால்தான் தெரியும்.

2021 இறுதியில், ராட்ஸி ஜிடின் கல்வி அமைச்சராக இருந்தபோது, 18,702 ஆசிரியர்களை ஒரே தடவையில் எடுக்கும் சிறப்பு நியமனம் டி.ஜி.41 தரத்தில் அறிவிக்கப்பட்டது. கல்வித்துறைப் பட்டம் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்து, பணியில் இருந்தபடியே முதுநிலைக் கல்வி டிப்ளோமாவை முடிக்க வேண்டும். நானும் அந்த டிப்ளோமா படித்தவள் என்பதால் சொல்கிறேன்: பாடம் நடத்திக்கொண்டே பாடம் நடத்தக் கற்றுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. அதைவிட முக்கியமானது அந்த எண். 18,702 காலியிடங்கள் ஓர் ஆண்டில் முளைக்காது. பணி ஓய்வு, விருப்ப ஓய்வு, இடமாற்றம், நிரப்பாமல் விட்ட பதவி என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததை நிரப்பத்தான் இப்படி ஒரு பெரிய நியமனம் வேண்டியிருந்தது.

மாணவர்கள் ஒப்பிட்டு எழுத வசதியாகப் பக்கத்து நாட்டையும் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் பதவிகள் இருந்தன, ஆட்கள் வெளியேறினார்கள். 2021 நவம்பரில் மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் கொடுத்த விவரப்படி, அந்த ஆண்டின் முதல் பாதியில் மட்டும் ஏறக்குறைய 1,500 சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட்டார்கள். பெருந்தொற்றுக்கு முன்பு முழு ஆண்டுக்கே சுமார் 2,000 பேர்தான். வெளிநாட்டுப் பணியாளர்களில் அந்த அரையாண்டில் விலகியவர்கள் ஏறக்குறைய 500 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சேர்ந்துபோன விடுப்பை எடுத்துத் தீர்க்க முடியவில்லை. எல்லை மூடியிருந்ததால் ஜொகூர்ப் பாலத்திற்கு இந்தப் பக்கம் இருந்த தாய் தகப்பனைக்கூடப் பார்க்க முடியாத மலேசியத் தாதியரும் அதில் இருந்தார்கள். இன்னொரு இணைப்பும் உண்டு: மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மருத்துவப் பட்டங்களைச் சிங்கப்பூர் அங்கீகரிக்கிறது. இங்கே பதவி நிச்சயமில்லாத மருத்துவருக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது.

ஆக, தாளில் எப்படி எழுதுவது? நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம் என்று இரண்டாகப் பிரியுங்க. 2016-இன் ஒப்பந்த முறை, நிரப்பப்படாத ஆசிரியர் பதவிகள், உலகளாவிய தாதியர் குறைவு ஆகியவை முதல் வகை. தொற்று அலை, தனிமைப்படுத்தல், எல்லை மூடல், சுழற்சி முறை இரண்டாம் வகை. பிறகு 'பற்றாக்குறை' என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் எது பற்றவில்லை என்று எழுதுங்க: ஆளா, பதவியா, திறனா, நேரமா? கிள்ளானில் ஒன்று, உங்கள் பள்ளியில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று.

ஆசிரியர்கள் இதை ஒரு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சியாகவும் நடத்தலாம். 2021-இல் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை செய்த உறவினர் ஒருவரிடம் மூன்றே கேள்விகள்: அப்போது உங்கள் பதவி நிரந்தரமா, ஒப்பந்தமா? உங்களுக்குப் பதிலாக யார் வந்தார்கள்? இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள்? பெயர் எழுத வேண்டாம். தேதியை மட்டும் சரியாகக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.