ஏறாவூரின் ஆறு இலக்கமும் எழும்பூர்த் தீர்ப்பும்

"சாச்சி, உங்கட போனுக்கு ஆறு இலக்கத்தில ஒரு கோட் வரும், அத அனுப்பி வைங்க." கட்டாரில் இருக்கும் ராத்தாவின் மகனுடைய வட்ஸ்அப்பிலிருந்து வந்த செய்தி. ஏறாவூரில் யாருக்குத்தான் வெளிநாட்டில் சொந்தம் இல்லை? சாச்சி அனுப்பிவிடுகிறார். சற்று நேரத்தில் அவருடைய கணக்கும் பறிபோய், அவர் பெயரில் ஊரெல்லாம் காசு கேட்டுச் செய்தி பறக்கிறது.

இதில் எங்கள் இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்கு முதலில் அகப்படுவது, அதிகாரமின்றிக் கணக்குக்குள் புகுந்த செயல்தான். 3ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். காசைச் சுருட்டியதற்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்ட வேண்டும். வெறுமனே பரிசு விழுந்ததென்று ஆயிரம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவனை, யாரும் ஏமாறாதவரை, கணினிக் குற்றச் சட்டம் கண்டுகொள்வதில்லை.

இதற்கு மாறாக, 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் கண்ட வழக்கில் யாருடைய கணக்கும் உடைக்கப்படவில்லை. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் பொய்க் கணக்குத் திறந்து, யாஹூ குழுவொன்றில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதினார் ஒருவர். கண்டவர்களெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பெப்ரவரியில் முறைப்பாடு, நவம்பர் 5இல் தண்டனை. அந்த வேகத்தை இன்றைக்கும் மெச்சலாம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, அனுப்பியது என்ன என்று கேட்டதால் ஆள் மாட்டினார். எங்கள் 3ஆம் பிரிவிலிருந்து அவர் நழுவியிருப்பார்.

ஆனால் 'அனுப்பியது என்ன' என்ற கேள்விக்கு எல்லை போடாவிட்டால் ஆபத்து. 2008இல் இந்தியா செய்த திருத்தம், கணினிவழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி பிரிவையும், 'எரிச்சலூட்டும்' செய்திகளுக்கு 66ஏ பிரிவையும் சேர்த்தே கொண்டுவந்தது. குப்பை மின்னஞ்சலையும் தொடக்கூடிய 66ஏ, முகநூலில் கருத்துச் சொன்னவர்களைக் கைதுசெய்யவும் பயன்பட்டது. 2015 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது, 66டி தப்பியது.

இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அதே கலவைதான்: சாச்சிக்கு உதவக்கூடிய இணைய மோசடி, ஆள்மாறாட்டக் குற்றங்கள் ஒருபக்கம், பேச்சையே குற்றமாக்கும் பிரிவுகள் மறுபக்கம். பிரித்தெடுக்க இங்கே நீதிமன்றத்துக்கு வழியில்லை. சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை. திருத்துவதென்றால் பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும்.