நாடா ஓடும் வேகத்தில்

தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சானது 1715-இல், தரங்கம்பாடியில், லூத்தரன் சபையின் சீகன்பால்கு முயற்சியால். நம் கத்தோலிக்க இல்லங்களிலோ, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அழைத்த பின்னரே விவிலியம் பரவலாகத் திறக்கப்பட்டது. 1995-இல் பிற சபையாரோடு இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பும் வந்தது. புத்தகம் வந்துவிட்டது, வாசிப்பு?

யோபு 7:6-ஐப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்து வாசித்துப் பாருங்கள். ஓடும் நாடாவைத் தம் நாள்களோடு ஒப்பிடுகிறார் யோபு. நெசவாளருக்கு விளக்கவுரை எதற்கு? எசாயா 38:12 இன்னும் கடினம். சாகும் தறுவாயில் கிடந்து பிழைத்த எசேக்கியா மன்னர், நெய்த துணியைத் தறியிலிருந்து அறுப்பதையே தம் சாவுக்கு உவமையாக்குகிறார். சேலை அறுத்தால்தான் கூலி என்று காத்திருப்பவருக்கு இவ்வரி உறுத்தும். அந்த இடத்திலேயே நின்று செபியுங்கள். அடுத்த அதிகாரம் நாளைக்கு இருக்கட்டும்.