ஐ.ஆர்.ஏ. புதைத்தவர்கள்: ஓர் இயக்கம் மறைத்த உடல்கள் எப்படித் திரும்பி வந்தன?

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி ஆரம்பித்த போராட்டத்தைப் பற்றி எழுதுவதற்காகப் பல தடவைகள் அங்கே போயிருக்கிறேன். ஒருமுறை பேசி முடித்து ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு, ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, வேற நாடுகளில எங்கயாவது இப்பிடித் தேடி எடுத்துக் குடுத்திருக்கினமோ?"

அயர்லாந்தில் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

"ஆர் ஒளிச்சது? ஆமியோ?"

இல்லையம்மா, அங்கே இயக்கம்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இயக்கம் ஏன் தன்ர சனத்தை ஒளிச்சது?" என்று கேட்டார்.

வீதியோரத்தில் நின்றபடி அதற்குச் சரியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைச் சொல்லும் முயற்சி. அயர்லாந்தின் கதையை நமக்கான மாதிரியாக முன்வைப்பது என் நோக்கமல்ல. அங்கே எது சாத்தியமானது, எதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் தேவை என்று நினைக்கிறேன்.

யார் இந்த ஐ.ஆர்.ஏ.?

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடன் வைத்துக்கொள்ளப்பட்டன. அங்கே புரட்டஸ்தாந்துகள் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர்கள் சிறுபான்மையினர். வேலைவாய்ப்பிலும் வீடமைப்பிலும் உள்ளூராட்சித் தேர்தல் வாக்குரிமையிலும் கத்தோலிக்கர்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டது. 1968இல் சிவில் உரிமை ஊர்வலங்கள் ஆரம்பித்தன. 1969 ஓகஸ்டில் கலவரங்கள் வெடிக்க, பிரித்தானிய இராணுவம் வீதிகளில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய ஐரிஷ் குடியரசு இராணுவம் பிளவுபட்டு, 'புரோவிஷனல்' ஐ.ஆர்.ஏ. உருவானது. ஐ.ஆர்.ஏ. என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தப் பிரிவைத்தான்.

இதை வெளியுலகம் கத்தோலிக்க – புரட்டஸ்தாந்து மதச் சண்டையாகவே பார்த்துப் பழகிவிட்டது. ஆனால், வழிபாடோ வேத விளக்கமோ அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. வட அயர்லாந்து எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதே சண்டையின் மையம். யார் எந்தப் பக்கம் என்பதை அடையாளம் காட்டும் குறியாக மதம் இருந்தது. பிரித்தானியாவுடன் இருக்க விரும்பிய லோயலிஸ்டுகளிடமும் யூ.வி.எஃப்., யூ.டி.ஏ. போன்ற ஆயுதக் குழுக்கள் இருந்தன.

முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 60 சதவீதமான கொலைகளுக்கு ஐ.ஆர்.ஏ. உள்ளிட்ட குடியரசுவாத ஆயுதக் குழுக்களும், 30 சதவீதமானவற்றுக்கு லோயலிஸ்டுகளும், 10 சதவீதமானவற்றுக்கு அரச படைகளும் பொறுப்பு. 1972 ஜனவரி 30ஆம் திகதி டெரி நகரில் நிராயுதபாணியான ஊர்வலத்தினர் மீது பிரித்தானியப் பரசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 21ஆம் திகதி பெல்ஃபாஸ்டில் ஐ.ஆர்.ஏ. வரிசையாக வைத்த குண்டுகளால் 9 பேர் இறந்தார்கள். 1998 ஏப்ரல் 10ஆம் திகதி பெரிய வெள்ளி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2005 ஜூலையில் ஆயுதப் போராட்டம் முடிந்துவிட்டதாக ஐ.ஆர்.ஏ. அறிவித்தது.

பத்துப் பிள்ளைகளின் தாய்

ஐ.ஆர்.ஏ. தான் செய்த தாக்குதல்களுக்கு வழமையாக உரிமை கோரும். காட்டிக்கொடுத்தவர் என்று குற்றஞ்சாட்டிச் சுட்டவர்களின் உடல்களையும் பெரும்பாலும் வீதியோரத்தில் போட்டுவிடும். மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. ஆனால், சிலரைக் கொன்று இரகசியமாகப் புதைத்துவிட்டுத் தெரியாது என்று சாதித்தது.

அவர்களில் பெரிதும் அறியப்பட்டவர் ஜீன் மக்கொன்வில். கணவரை இழந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டின் டிவிஸ் தொடர்மாடி வீட்டிலிருந்து, பிள்ளைகளின் கண்முன்னால் கொண்டுசெல்லப்பட்டார். பிள்ளைகள் பிரிக்கப்பட்டுச் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய் பிள்ளைகளைக் கைவிட்டு ஓடிவிட்டார் என்ற கதையும் ஊரில் உலவியது. இராணுவத்துக்குத் தகவல் கொடுத்தார் என்பது ஐ.ஆர்.ஏ. பின்னாளில் சொன்ன காரணம். 2006இல் வட அயர்லாந்தின் பொலிஸ் குறைகேள் அதிகாரி, அவர் தகவலாளியாக இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அறிக்கையிட்டார்.

அந்த அம்மாவின் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு விதவைத் தாயின் உடலை வீதியில் போட்டால், எந்தச் சனத்துக்காகப் போராடுவதாக இயக்கம் சொன்னதோ, அந்தச் சனமே இயக்கத்தைக் கேள்வி கேட்கும். எதிரியிடமிருந்து மறைப்பதற்காக இந்த உடல்கள் புதைக்கப்படவில்லை. சொந்த மக்களிடமிருந்து மறைப்பதற்காகவே புதைக்கப்பட்டன. கண்ட அயலவர்கள் வாய் திறக்கவில்லை. 'துரோகி' என்ற சொல் ஒரு வீட்டின் மீது விழுந்தால் அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சொல்லைப் பாதுகாத்த சட்டம்

1994 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு இந்தக் குடும்பங்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கின. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அடக்கம் செய்வதற்கு உடலைக் கொடுங்கள். 1999 மார்ச்சில் ஐ.ஆர்.ஏ. ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒன்பது பேர் புதைக்கப்பட்ட இடங்களைத் தாம் கண்டறிந்திருப்பதாகவும், குடும்பங்களின் நீண்ட வேதனைக்காக வருந்துவதாகவும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

பிரித்தானிய, அயர்லாந்து அரசாங்கங்கள் சில வாரங்களுக்குள் உடன்படிக்கை செய்து, இரு நாடுகளிலும் சட்டம் நிறைவேற்றி, பாதிக்கப்பட்டோரின் எச்சங்களைக் கண்டறியும் சுயாதீன ஆணைக்குழுவை உருவாக்கின. அதன் விதிகள் எளிமையானவை.

ஒன்று: ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்படும் தகவல் முழுமையாக இரகசியமானது, அதை வேறு எந்த நிறுவனத்துடனும் பகிர முடியாது.

இரண்டு: அந்தத் தகவலையோ, அதன்மூலம் கண்டெடுக்கப்படும் பொருட்களையோ குற்றவியல் வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது.

மூன்று: எச்சங்கள் மீதான தடயவியல் பரிசோதனை, இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்பதை அறிவதற்கு மட்டுமே.

இது பொதுமன்னிப்பு அல்ல. வேறு வழியில் சாட்சியம் கிடைத்தால் கொலையாளி மீது வழக்குத் தொடர எந்தத் தடையும் இல்லை. சட்டம் பாதுகாத்தது தகவல் என்ற சொல்லை. அதைச் சொன்ன ஆளை அல்ல. இந்த வேறுபாடுதான் முழுக் கதையின் அச்சாணி.

1999 மே மாதம் முதலாவது உடல் கிடைத்தது. டண்டால்க் நகருக்கு அருகிலுள்ள பழைய மயானமொன்றில், புதிய சவப்பெட்டியொன்றுக்குள், நிலத்துக்கு மேலேயே அது வைக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் மொனகன் மாவட்டச் சதுப்பு நிலமொன்றில் 1978இல் காணாமல் போன இரண்டு இளைஞர்களின் உடல்கள் கிடைத்தன. பிறகு பல ஆண்டுகளுக்கு ஆணைக்குழுவின் தேடல்களில் எதுவும் அகப்படவில்லை. தகவல் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. இரவில், அவசரத்தில், அடையாளம் ஏதுமில்லாத சதுப்பு நிலத்தில் புதைத்தவர்களின் நினைவு முப்பது ஆண்டுகளில் மங்கியிருந்தது. மரங்கள் நடப்பட்டிருந்தன, பாதைகள் மாறியிருந்தன, சிலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

மான்செஸ்டர் பொலிஸில் முன்னாள் துப்பறிவாளரான ஜெஃப் நப்ஃபர் தலைமையில் வந்த குழு, வேலைமுறையை மாற்றியது. பழைய தகவலாளர்களிடம் திரும்பத் திரும்பப் பேசினார்கள். அவர்களையே இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். பழைய வான்படங்களையும் மோப்ப நாய்களையும் நிலத்தடி ஆய்வுக் கருவிகளையும் பயன்படுத்தினார்கள். 2008 முதல் 2017 வரை எட்டுப் பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2015இல் மீத் மாவட்டத்தில் ஒருவரைத் தேடித் தோண்டியபோது, வேறு இருவர் ஒரே குழியில் கிடைத்தார்கள். கடைசியாகக் கிடைத்தவர், ஐ.என்.எல்.ஏ. என்ற இன்னொரு இயக்கத்தால் 1985இல் பாரிஸில் கொல்லப்பட்டவர். பிரான்ஸின் காடொன்றில் மீட்கப்பட்டார்.

பட்டியலில் இருப்பவர்கள் 17 பேர். 13 பேர் கிடைத்துவிட்டார்கள். அவர்களில் இருவரின் உடல்கள் மட்டும் ஆணைக்குழுவின் தேடலால் அல்லாமல் தற்செயலாகக் கிடைத்தவை. கிடைக்காத நால்வரில் கொலம்பா மக்வீ என்ற இளைஞரும் ஒருவர். 1975இல் கொல்லப்பட்ட அவரைத் தேடி மொனகன் சதுப்பு நிலம் மீண்டும் மீண்டும் தோண்டப்பட்டது. மகனின் உடலைக் காணாமலேயே அவரது தாய் காலமானார்.

தற்செயலாகக் கிடைத்த உடல்

மக்கொன்வில் விடயத்தில் நடந்தது வேறு. ஐ.ஆர்.ஏ. சுட்டிக்காட்டிய கடற்கரையில் வாரக்கணக்காகத் தோண்டியும் அவர் கிடைக்கவில்லை. 2003 ஓகஸ்டில், லவுத் மாவட்டத்தின் ஷெலிங் ஹில் கடற்கரையில் நடந்துபோனவர்கள் அவரது எச்சங்களைக் கண்டார்கள். ஆணைக்குழுவின் தகவலால் கிடைக்காதபடியால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இங்கே பொருந்தவில்லை. பொலிஸார் கொலை வழக்காகவே விசாரிக்க முடிந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி, முன்னாள் ஆயுததாரிகளின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்தது. பேசியவர் இறக்கும்வரை எதுவும் வெளிவராது என்று அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது. ஆனால், அந்த உறுதிக்குப் பின்னால் சட்டம் எதுவும் இருக்கவில்லை. மக்கொன்வில் கொலை தொடர்பான பதிவுகளைப் பிரித்தானியப் பொலிஸார் கோர, அமெரிக்க நீதிமன்ற உத்தரவின்படி சில பதிவுகள் கையளிக்கப்பட்டன. 2014இல் சின் ஃபெய்ன் தலைவர் ஜெரி அடம்ஸ் கைதுசெய்யப்பட்டுக் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். தான் ஐ.ஆர்.ஏயில் இருந்ததே இல்லை என்பது அவரது நிலைப்பாடு. வேறொரு முதியவர் மீது தொடரப்பட்ட வழக்கில் நீதிமன்றம் அந்த ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்கவில்லை. 2019இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

ஊடகக் கல்வி படித்த எனக்கு இந்தப் பகுதி தனிப்பட்ட முறையிலும் உறுத்துகிறது. 'உங்கள் பெயரை எழுதமாட்டேன்' என்று நாங்கள் அன்றாடம் கொடுக்கும் வாக்கின் எடை எவ்வளவு? பொஸ்டனில் உண்மையும் முழுதாக வரவில்லை, தண்டனையும் வரவில்லை. சட்டம் காப்பாற்றாத வாக்குறுதி பேசியவரையும் காப்பாற்றவில்லை, குடும்பத்துக்கும் உதவவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2023இல் பிரித்தானிய அரசாங்கம், தகவல் தருபவர்களுக்கு வழக்கிலிருந்தே விலக்களிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட அயர்லாந்தின் பிரதான கட்சிகளும், இரு பக்கத்திலும் பாதிக்கப்பட்டவர்களும் அதை எதிர்த்தார்கள். அந்த விலக்களிப்பு மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 பெப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லைப் பாதுகாக்கும் சட்டத்தை ஏற்றுக்கொண்ட சமூகம், ஆளைப் பாதுகாக்கும் சட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

நம் பக்கம் திரும்பினால்

செய்தவர் வாய் திறந்தால்தான் புதைகுழி தெரியும் என்பது இலங்கைக்கும் புதிதல்ல. 1998இல் கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது தற்செயலாக எலும்புகள் வெளிவர, அந்த ஆண்டு அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் தகவலை இரகசியமாகப் பேணும் அதிகாரம் உண்டு. அப்படியிருந்தும் புதைத்தவர்கள் அங்கே வந்து இடத்தைக் காட்டவில்லை. அயர்லாந்தில் சட்டத்துக்கு முன்னால் ஓர் ஒப்புதல் வந்தது: ஆம், நாங்கள்தான் கொன்றோம், நாங்கள்தான் புதைத்தோம். இங்கே அரசு அந்த வாசகத்தை இன்னும் சொல்லவில்லை. பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதும், கையளித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலையும் நீதியையும் சேர்த்துத்தான். வெறும் எலும்போடு அந்தக் கேள்வி முடியாது. அங்கே 17 பேர், இங்கே பல்லாயிரம்.

இயக்கத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம்களின் உறவினர்கள், உடல்களைத் தோண்டி எடுத்து மார்க்க முறைப்படி அடக்கம் செய்யத் தருமாறு கேட்டுவருகிறார்கள். மாற்று இயக்கத்தவர்கள் என்றும் துரோகிகள் என்றும் கொண்டுபோகப்பட்டவர்களின் வீடுகளும் நம் ஊர்களில் இருக்கின்றன. அறிக்கை வெளியிட இன்று அந்த இயக்கம் இல்லை. ஆனால், இடம் தெரிந்தவர்கள் யாராவது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அவர்களுக்கும் வயது போகிறது.

வட அயர்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், மரித்தோர் நினைவுநாளை ஒட்டி, இந்தக் குடும்பங்கள் சட்டசபைக் கட்டடத்துக்கு மௌனமாக நடந்து போகிறார்கள். உடல் கிடைத்துவிட்ட குடும்பங்களும், கிடைக்காதவர்களுக்காகத் தொடர்ந்து வருகிறார்கள்.

கிளிநொச்சி அம்மாவிடம் அடுத்தமுறை இதைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன். அங்கே முதலில் குடும்பங்கள் விடாமல் கேட்டார்கள். பிறகு செய்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது, மண்வெட்டி வந்தது. இங்கே முதலாவது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.